மூச்சை முகர்ந்து சொல்லும் புரதங்கள்

(கிராம சுகாதாரச் செவிலியர்கள், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், ஓட்டுநர்கள், பொதுமக்கள் கலந்துகொண்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் உயிர்வேதியியல் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



வீடு வீடாகப் போய் சுகரும் பிரஷரும் பார்க்கிற தன்னார்வலர்கள் இங்கே நிறைய பேர் இருக்கீங்க. வீட்டில் வீசிங் உள்ள குழந்தையை வைத்திருக்கிற தாய்மார்களும் இருக்கீங்க. வண்டி ஓட்டுகிற தம்பிகளும் வந்திருக்காங்க. இந்த மூன்று பேருக்கும் பொதுவான ஒரு கேள்வி உண்டு: "ஊசி குத்தாமல், ஊதிப் பார்த்தே நோயைக் கண்டுபிடிக்க முடியுமாமே, உண்மையா?"

சுருக்கமான பதில்: சில விஷயங்களுக்கு உண்மை. சில விஷயங்களுக்கு இன்னும் ஆய்வுக்கூடத்தில்தான் இருக்கிறது. சில விஷயங்களுக்கு அது வெறும் விளம்பரம். எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் காசும் மிச்சம், சில நேரம் உயிரும் மிச்சம். அதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

மூச்சில் என்னென்ன இருக்கிறது?

நாம் வெளியே விடுகிற மூச்சில் முக்கால் பங்குக்கு மேல் நைட்ரஜன். ஆக்சிஜன் சுமார் 16 சதவீதம், கார்பன் டை ஆக்சைடு 4 முதல் 5 சதவீதம். மிச்சம் நீராவி, கொஞ்சம் ஆர்கான். கணக்கு இதோடு முடிந்த மாதிரி தெரியும், ஆனால் முடியவில்லை. 1971-இல் அமெரிக்க விஞ்ஞானி லைனஸ் பாலிங் மூச்சைக் குளிரவைத்துப் பிடித்து, பகுத்துப் பார்த்தார். அதில் சுமார் 250 வகைப் பொருள்கள் இருக்கின்றன என்று தெரியவந்தது. பிறகு வந்த நுட்பமான கருவிகள் அந்தப் பட்டியலை இன்னும் பல மடங்கு நீளமாக்கிவிட்டன.

இந்தப் பொருள்கள் எங்கிருந்து வருகின்றன? நுரையீரலின் காற்றுப் பைகளைச் சுற்றி மெல்லிய இரத்தக் குழாய்கள் வலை போல ஓடுகின்றன. இரத்தத்தில் இருக்கிற, சுலபமாக ஆவியாகக்கூடிய எந்தப் பொருளும் அந்த மெல்லிய சுவரைத் தாண்டிக் காற்றில் கலந்துவிடும். குடித்தவர் வாயைக் கழுவினாலும் மூச்சில் வாடை போகாததற்குக் காரணம் இதுதான். வாடை வாயிலிருந்து மட்டும் வரவில்லை, இரத்தத்திலிருந்தே வருகிறது.

சிக்கல் அளவில்தான் இருக்கிறது. இரண்டு கணக்கு சொல்றேன், மனசுல வச்சுக்கோங்க. பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதை பிபிஎம் என்கிறோம். ஐம்பது லிட்டர் டிரம்மில் ஒரு சொட்டு மை விட்டால் எவ்வளவோ அவ்வளவு. நூறு கோடியில் ஒரு பங்கு என்பது பிபிபி. அதற்கு, பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணி லாரி ஐந்தை வரிசையாக நிறுத்தி, அவ்வளவு தண்ணீருக்கும் சேர்த்து ஒரே ஒரு சொட்டு மை விட வேண்டும். அந்த ஒரு சொட்டை, அதுவும் சுற்றி வேறு நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கும்போது, அடையாளம் காணத் தெரிந்த ஒன்று நமக்குத் தேவை. அங்கேதான் புரதம் வருகிறது.

உங்கள் பையிலேயே ஒரு புரத உணரி இருக்கிறது

புரதம் என்றதும் முட்டை, பருப்பு, சுண்டல் ஞாபகம் வரும். உடம்புக்குள்ளே புரதம் செய்கிற வேலை வேறு. ஒவ்வொரு புரதமும் தனக்கென்று ஒரு வடிவத்தில் மடிந்து நிற்கிறது. அந்த மடிப்பில் ஒரு குழி இருக்கும். அந்தக் குழிக்குப் பொருந்துகிற மூலக்கூறு வந்தால் பிடித்துக்கொள்ளும், பொருந்தாதது வந்தால் விட்டுவிடும். பூட்டுக்கும் சாவிக்கும் உள்ள உறவு மாதிரி. சில புரதங்கள் பிடித்ததோடு நிற்காமல் அந்த மூலக்கூறை வேறொன்றாக மாற்றியும் விடும். அவற்றை நொதி, அதாவது என்சைம் என்கிறோம்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கியதிலிருந்து தன்னார்வலர்கள் பையில் குளுக்கோமீட்டர் வைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போகிறீர்கள். அந்த ஸ்ட்ரிப்பின் நுனியில் என்ன தடவியிருக்கிறது என்று யோசித்ததுண்டா? அது ஒரு நொதி. குளுக்கோஸ் ஆக்சிடேஸ் அல்லது அதன் உறவுக்கார நொதி ஒன்று. இரத்தத்தில் உப்பு, கொழுப்பு, யூரியா என்று எத்தனையோ கரைந்திருந்தும் அந்த நொதி குளுக்கோஸை மட்டும் தேடிப் பிடிக்கிறது. பிடித்து மாற்றும்போது வெளிவரும் எலக்ட்ரான்களை மெஷின் எண்ணி, திரையில் எண்ணாகக் காட்டுகிறது. 1962-இல் லேலண்ட் கிளார்க் என்ற அமெரிக்கர் இந்த வழியை முன்வைத்தார். அன்றைக்கு ஆய்வுக்கூட யோசனையாக இருந்தது, இன்றைக்கு மளிகைச் சாமான் பையோடு சேர்ந்து வருகிறது.

மூச்சுக்கும் இதே வித்தையைச் செய்யலாமே என்பதுதான் உலகம் முழுக்க ஆய்வாளர்கள் முயல்கிற காரியம். இரத்தத் துளிக்குப் பதில் காற்று, குளுக்கோஸுக்குப் பதில் வாயு. மூன்று வாயுக்களை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

முதலாவது: சாராய ஆவி

ஓட்டுநர் தம்பிகளுக்குத் தெரிந்த சோதனை இது. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

இரத்தத்தில் உள்ள அந்த 30 மில்லி கிராம், மூச்சில் ஏறத்தாழ 75 முதல் 80 பிபிஎம் ஆகும். மூச்சில் காணும் மற்ற நுண்வாயுக்களோடு ஒப்பிட்டால் இது ரொம்பப் பெரிய அளவு. அதனால்தான் காவல்துறையினர் கையில் இருக்கிற கருவிக்குப் புரதம் தேவைப்படுவதில்லை. அதில் பிளாட்டினம் பூசிய எரிமின்கலம் இருக்கிறது, சாராய ஆவி அதில் பட்டால் மின்சாரம் வரும். ஒரே தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் சில ஸ்ட்ரிப்புகளில் மட்டும் ஆல்கஹால் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கும். எச்சில் பட்டால் நிறம் மாறும்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. கருவி காற்றில் உள்ள சாராயத்தை அளக்கிறது. அது நுரையீரலிலிருந்து வந்ததா, வாயில் ஒட்டியிருந்ததா என்று அதற்குத் தெரியாது. ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவமோ இருமல் மருந்தோ அப்போதுதான் எடுத்திருந்தால் எண் தவறாக ஏறும். பதினைந்து நிமிடத்தில் அந்த வாய்ச் சாராயம் மறைந்துவிடும். அதனால் அப்படிப்பட்ட மருந்து எடுத்திருந்தால் உடனே அதிகாரியிடம் சொல்லுங்கள், கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊத வையுங்கள் என்று மரியாதையாகக் கேளுங்கள். ஊத மறுப்பது வழியல்ல, 203-ஆம் பிரிவு மூச்சுச் சோதனைக்கு உட்படுத்தும் அதிகாரத்தைக் காவல் அதிகாரிக்குத் தந்திருக்கிறது.

இரண்டாவது: நைட்ரிக் ஆக்சைடு

இது வீசிங் குழந்தைகளின் பெற்றோருக்கு. கொஞ்சம் நிதானமாகக் கேளுங்க, ஏனென்றால் புரதத்தின் கெட்டிக்காரத்தனம் இங்கேதான் நன்றாகத் தெரியும்.

நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை வைப்பார்கள், பார்த்திருப்பீர்கள். அது வேலை செய்வது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உடம்புக்குள் வெளிவிடுவதால்தான். இரத்தக் குழாயை அது தளர்த்துகிறது. இந்த வாயு நம் உடம்பே தயாரிக்கிற ஒரு செய்தி என்று கண்டறிந்த ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் மியூராட் மூவருக்கும் 1998-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1991-இல், சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் மனிதர் விடும் மூச்சிலேயே இந்த வாயு இருப்பதைக் கண்டார்கள். இரண்டு வருடம் கழித்து, ஆஸ்துமா உள்ளவர்கள் மூச்சில் அது அதிகமாக இருப்பதும் தெரிந்தது.

ஏன் அதிகம்? ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கிச் சிவந்திருக்கும். ஒவ்வாமையால் வருகிற ஒரு வகை வீக்கத்தில் அந்தச் சுவர் செல்கள் இந்த வாயுவை அள்ளி விடுகின்றன. ஆக, மூச்சில் உள்ள நைட்ரிக் ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியாத அந்த வீக்கத்தைக் காட்டும் அளவுகோல். பெரியவர்களுக்கு 25 பிபிபி-க்குக் கீழே இருந்தால் இந்த வகை வீக்கம் இருக்க வாய்ப்பு குறைவு. 50-க்கு மேலே இருந்தால் அது இருக்கிறது, இன்ஹேலர் ஸ்டீராய்டு நன்றாகக் கேட்கும் என்று மருத்துவர் எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த எண்கள் 20, 35. அமெரிக்க மார்பு மருத்துவச் சங்கம் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டி இது.

இதில் பெற்றோருக்கு என்ன லாபம்? "குழந்தைக்கு இப்ப இழுப்பே இல்லையே, இன்ஹேலரை நிறுத்திடலாமா?" என்பது எல்லா வீட்டிலும் வருகிற கேள்வி. இழுப்பு நின்றாலும் வீக்கம் உள்ளே தொடரலாம். கையில் ஓர் எண் இருந்தால் மருத்துவரும் தாயும் ஊகத்தில் பேச வேண்டியதில்லை. ஆனால் இந்த எண் மட்டும் ஆஸ்துமாவைத் தீர்மானிக்காது. சிலருக்கு வேறு வகை ஆஸ்துமா, அவர்களுக்கு எண் ஏறாது. மூக்கில் ஒவ்வாமை மட்டும் உள்ளவருக்கு ஆஸ்துமா இல்லாமலேயே ஏறலாம். அதனால் எண்ணைப் பார்த்து மருந்தை நீங்களே கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

இப்போது புரதத்துக்கு வருவோம். 25 பிபிபி என்றால் நூறு கோடி மூலக்கூறில் 25 மட்டுமே நைட்ரிக் ஆக்சைடு. அதே நூறு கோடியில் ஆக்சிஜன் எத்தனை? 16 கோடி! இரண்டும் இரும்பைக் கண்டால் ஒட்டிக்கொள்கிற குணம் உள்ளவை. நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை அப்படியே உணரியாக வைத்தால் என்ன ஆகும்? பதினாறு கோடி ஆக்சிஜன் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த இருபத்தைந்து பிள்ளைகளை, வருகிறவர்கள் எல்லாரையும் உள்ளே விட்டுவிட்டுத் தேடுவது மாதிரி.

இயற்கை இந்தப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துவிட்டது. நம் செல்களில் கரையும் குவானிலேட் சைக்கிளேஸ் என்று ஒரு புரதம் உண்டு. ஹீமோகுளோபினில் இருப்பதைப் போன்ற இரும்புதான் அதிலும் இருக்கிறது. ஆனால் அது இருக்கிற குழியின் அமைப்பு வேறு. ஆக்சிஜன் வந்தால் சீந்தாது, நைட்ரிக் ஆக்சைடு வந்தால் உடனே பிடிக்கும். இரும்பு ஒன்று, அதைச் சுற்றியுள்ள புரதம் வேறு, அதனால் குணமே வேறு.

ஆய்வாளர்கள் இன்னொரு வழியும் கண்டார்கள். சைட்டோகுரோம் சி என்ற புரதத்தில் உள்ள இரும்பை, ஓர் எலக்ட்ரான் குறைந்த நிலையில் வைத்தால், அது ஆக்சிஜனையும் பிடிக்காது, புகைபிடிப்பவர் மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடையும் பிடிக்காது. நைட்ரிக் ஆக்சைடை மட்டும் பிடிக்கும். பிடித்தவுடன் அந்தப் புரதம் ஒளியை உறிஞ்சும் விதம் மாறும். கண்ணுக்குத் தெரியாத சின்ன நிறமாற்றம்தான், ஆனால் ஒளிமானி அதை அளந்துவிடும்.

புரதம் தண்ணீரில் வாழ்கிற பொருள், காற்றில் விட்டால் காய்ந்து கெட்டுவிடுமே என்று கேட்பீர்கள். 1992-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்து ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி சொன்னார்கள். சூட்டில் உருக்காமல், அறை வெப்பத்திலேயே கூழாக இறுகும் ஒரு வகைக் கண்ணாடிக்குள் புரதத்தைச் சிறைவைத்தார்கள். கண்ணாடியில் நுண்ணிய துளைகள் உண்டு. புரதம் பெரியது, வெளியே வர முடியாது. வாயு சின்னது, உள்ளே போய் வர முடியும். துளையில் ஈரம் தங்கியிருக்கும், புரதமும் தன் வடிவத்தோடு இருக்கும். கண்ணாடி என்பதால் ஒளியும் ஊடுருவும். இந்த வழியைப் பின்பற்றித்தான் வாயுவைக் காணும் புரத உணரிகள் பல ஆய்வுக்கூடங்களில் உருவாயின.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு மருத்துவமனைகளில் நைட்ரிக் ஆக்சைடு அளக்கிற கருவிகள் மின்வேதி முறையிலோ வேதி ஒளிர்வு முறையிலோ இயங்குபவை. புரத உணரி இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. சோதனை உங்கள் மருத்துவமனையில் கிடைத்தால் அந்தக் கருவியிலேயே தாராளமாகச் செய்துகொள்ளலாம். போகும்போது மூன்று விஷயம் கவனியுங்க. ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே சாப்பிடாமல் இருங்க. பீட்ரூட், கீரை போன்ற நைட்ரேட் மிகுந்த உணவு எண்ணை ஏற்றும், அன்றைக்கு அதைத் தவிர்த்துவிடுங்க. மூச்சை வேகமாக ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும் இருந்தால், அதற்கு முன்னால் இதைச் செய்யச் சொல்லுங்க, ஏனென்றால் அது எண்ணைத் தற்காலிகமாகக் குறைத்துவிடும். புகைபிடிப்பதும் எண்ணைக் குறைக்கும், அதனால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்க.

மூன்றாவது: அசிட்டோன்

நகப்பூச்சை அழிக்கிற திரவத்தின் வாடை தெரியுமில்லையா? அதுதான் அசிட்டோன். அது நம் எல்லார் மூச்சிலும் உண்டு. உடம்பு சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது கீட்டோன்கள் உண்டாகும். அவற்றில் ஒன்று அசிட்டோன், அது ஆவியாகி மூச்சில் வரும். சாதாரணமாகச் சாப்பிட்டு இருக்கிறவர் மூச்சில் ஏறத்தாழ ஒரு பிபிஎம் அளவில் இருக்கும். விரதம் இருந்தால், கடுமையாக உடற்பயிற்சி செய்தால், சோறு, இட்லியை விட்டுவிட்டுக் கொழுப்பு மட்டும் சாப்பிட்டால் ஏறும்.

டோக்கியோவில் கோஜி மிட்சுபயாஷி என்ற பேராசிரியரின் குழு இந்த வாயுவுக்கு ஒரு நொதி உணரி செய்திருக்கிறது. உயிரி மோப்பக் கருவி என்றே அதற்குப் பெயர். அது வேலை செய்யும் விதம் ரொம்ப அழகு. பி3 வைட்டமினிலிருந்து நம் உடம்பில் உருவாகும் என்ஏடிஹெச் என்ற பொருள், புற ஊதா ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். அசிட்டோன் வந்தால் நொதி அதை ஒரு வகை ஆல்கஹாலாக மாற்றும். மாற்றுவதற்கு என்ஏடிஹெச்சைச் செலவழிக்கும். செலவான என்ஏடிஹெச் ஒளிராது. எவ்வளவு ஒளி மங்குகிறதோ, அவ்வளவு அசிட்டோன். 20 பிபிபி தொடங்கி 5,300 பிபிபி வரை அளக்க முடிந்தது என்று 2015-இல் வெளியிட்டார்கள். நம் மூச்சில் சாதாரணமாக இருக்கும் அளவு அதற்குள் அடங்கும்.

"அப்படியானால் இனி சுகருக்கு விரலைக் குத்த வேண்டாமா?" என்று கேட்பீர்கள். இல்லீங்க. இந்த இடத்தில்தான் விளம்பரங்கள் நம்மை ஏமாற்றுகின்றன. அசிட்டோன் சொல்வது கொழுப்பு எரிவதைப் பற்றி, சர்க்கரை அளவைப் பற்றி இல்லை. சுகர் 300 உள்ள ஒருவருக்கு இன்சுலின் கொஞ்சமாவது சுரந்தால் அசிட்டோன் சாதாரணமாகவே இருக்கலாம். சுகரே இல்லாத ஒருவர் ஏகாதசி விரதம் இருந்தால் அசிட்டோன் ஏறியிருக்கும். முதலாமவருக்கு "நல்லா இருக்கீங்க" என்றும், இரண்டாமவருக்கு "உங்களுக்குச் சர்க்கரை நோய்" என்றும் அந்தக் கருவி சொன்னால் என்ன ஆகும்? முதலாமவர் மருந்தை நிறுத்திவிடுவார். அதுதான் ஆபத்து.

ஆனால் அசிட்டோன் உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றக்கூடிய இடம் ஒன்று உண்டு. இன்சுலின் அறவே இல்லாமல் போனால் உடம்பு கட்டுப்பாடில்லாமல் கொழுப்பை எரிக்கும், கீட்டோன் பெருகும், இரத்தம் அமிலமாகும். கீட்டோ அசிடோசிஸ் என்கிறோம். குழந்தைகளுக்கு வருகிற முதல் வகைச் சர்க்கரை நோய் பல வீடுகளில் இப்படித்தான் முதன்முதலாகத் தெரியவருகிறது. அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர், உடம்பு இளைப்பு. பிறகு வாந்தி, வயிற்றுவலி, ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு வாங்குதல், மயக்கம், மூச்சில் பழ வாடை. வாந்தியும் வயிற்றுவலியும் என்றதும் வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக் கஷாயம் கொடுத்துக் காத்திருப்பார்கள். காத்திருக்கிற ஒவ்வொரு மணி நேரமும் விலை அதிகம். இந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால் உடனே 108-ஐக் கூப்பிடுங்க. வாடை தெரியவில்லையே என்று தயங்காதீங்க, எல்லார் மூக்குக்கும் அது தெரிவதில்லை.

ஓட்டுநர் தம்பிகளுக்கும் இதில் ஒரு செய்தி. தள்ளாடிக்கொண்டு, உளறிக்கொண்டு, வாயில் ஏதோ வாடையோடு ஒருவர் சாலையோரம் கிடந்தால் "குடிகாரன்" என்று தாண்டிப் போய்விடாதீங்க. அவர் சர்க்கரை நோயாளியாக இருக்கலாம்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் இப்போது பரவலாகக் கொடுக்கப்படுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மாத்திரைகள் அவை. ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு, சாப்பிடாமல் கிடக்கும்போதோ அறுவைச் சிகிச்சை சமயத்திலோ, சுகர் பெரிதாக ஏறாமலேயே கீட்டோன் ஏறிவிடும். குளுக்கோமீட்டர் பார்த்தால் எண் பயமுறுத்தாது. இதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்த வேண்டாம். இதைச் சாப்பிடுகிறவருக்கு வாந்தி, மூச்சு வாங்கல் வந்தால் "சுகர் நார்மல்தானே" என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குப் போய் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்க. ஒரு நம்பகமான மூச்சு அசிட்டோன் கருவி தன்னார்வலர் பையில் வந்து சேர்கிற நாளில், அது முதலில் உதவப்போவது இந்த மாதிரி ஆட்களுக்குத்தான்.

ஏன் இன்னும் நம் ஊருக்கு வரவில்லை?

நான்கு தடைகள். முதல் தடை வெப்பம். புரதம் மடிந்து நிற்பதால்தான் வேலை செய்கிறது. சூடு அந்த மடிப்பைக் குலைத்துவிடும், முட்டை வெந்தால் திரும்பப் பச்சை முட்டை ஆகாதது மாதிரி. இப்போது கையில் இருக்கும் சுகர் ஸ்ட்ரிப்பையே 30 டிகிரிக்கு மேல் வைக்காதே என்றுதான் டப்பாவில் போட்டிருக்கும். சித்திரை வெயிலில் வண்டி டிக்கியில் வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்க. தன்னார்வலர்கள் இதை இன்றைக்கே கவனிக்க வேண்டும்.

இரண்டாவது ஈரம். மூச்சு கிட்டத்தட்ட முழு ஈரத்தோடு வருகிறது. கருவியின் மேல் நீர்த்துளி படிந்தால் அளவு பிசகும்.

மூன்றாவது, மூச்சின் எந்தப் பகுதி என்பது. நாம் விடுகிற மூச்சில் முதல் 150 மில்லி லிட்டர் அளவு தொண்டை, மூச்சுக்குழாயிலேயே நின்ற காற்று. இரத்தத்தைத் தொட்டு வந்த காற்று அதற்குப் பிறகுதான் வரும். வேகமாக ஊதினால் ஓர் எண், மெதுவாக ஊதினால் வேறு எண். நைட்ரிக் ஆக்சைடு சோதனையில் நொடிக்கு 50 மில்லி லிட்டர் என்று ஊதும் வேகத்தையே நிர்ணயித்திருப்பது இதனால்தான்.

நான்காவது தேய்மானம். நொதியும் என்ஏடிஹெச்சும் நாளாக நாளாக வலுவிழக்கும். கருவியை அவ்வப்போது தெரிந்த அளவு வாயுவை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு நகர ஆய்வுக்கூடத்தில் இது எளிது. மலைக்கிராமத் துணை சுகாதார நிலையத்தில் யார் செய்வது, எதை வைத்துச் செய்வது என்ற கேள்விக்கு விடை கிடைத்தால்தான் கருவி அங்கே போய்ச் சேரும்.

இன்றைக்கு நாம் செய்யக்கூடியது

மூச்சுக் கருவி என்று யாராவது விற்க வந்தால் மூன்று கேள்வி கேளுங்க.

ஒன்று, இது எந்த வாயுவை அளக்கிறது? "எல்லா நோயையும் காட்டும்" என்று பதில் வந்தால் அங்கேயே எழுந்துவிடலாம். ஒரு புரதம் ஒரு சாவிக்குத்தான் திறக்கும், நல்ல சோதனையும் அப்படித்தான்.

இரண்டு, அந்த வாயு ஏறினால் என்ன அர்த்தம், வேறு எதனால் எல்லாம் ஏறும்? சாப்பாடு, விரதம், புகை, வாய் கொப்பளிக்கும் திரவம் பற்றி விற்கிறவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்றால் அவருக்கே அது தெரியாது.

மூன்று, உரிமம் உண்டா? மருத்துவச் சாதன விதிகள் 2017-இன்படி லேபிளில் தயாரிப்பு அல்லது இறக்குமதி உரிம எண் இருக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் வாங்காதீங்க. வாங்கி ஏமாந்துவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். உடல்நலம் பற்றிய பொதுவான சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது.

தன்னார்வலர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போகும்போது "மூச்சுலயே சுகர் பார்க்கிற மெஷின் வாங்கிட்டேன், இனிமே நீங்க வர வேண்டாம்" என்று யாராவது சொன்னால் கோபப்படாதீங்க. விரல் குத்தினால் வலிக்கிறது, அதனால்தான் அவர் அப்படிச் சொல்கிறார். உட்கார்ந்து, விரதத்துக்கும் அசிட்டோனுக்கும் உள்ள கதையைச் சொல்லுங்க. அன்றைக்கு ஒரு தடவை ஸ்ட்ரிப்பில் பார்த்துக் காட்டுங்க. நுனி விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும் என்பதையும் சொல்லிக் கொடுங்க. அடுத்த மாதமும் அவர் கதவைத் திறப்பார்.

1962-இல் ஒரு யோசனையாகத் தொடங்கிய நொதி உணரி, ஐந்து நொடியில் சுகர் சொல்கிற ஸ்ட்ரிப்பாக நம் வாசலுக்கு வர சில பத்தாண்டுகள் பிடித்தன. மூச்சுச் சோதனையும் அந்தப் பாதையில்தான் நடந்து வந்துகொண்டிருக்கிறது. அது வந்து சேருகிறவரை, குத்திப் பார்ப்பதைக் குத்தியே பார்ப்போம். ஊதிப் பார்ப்பதை மருத்துவர் சொன்ன இடத்தில் ஊதிப் பார்ப்போம்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்க, தெரிந்ததைச் சொல்றேன்.